போன்ல பாக்குற நர்சிங் வேலை நமக்கு செட் ஆகுமா?

கொஞ்ச நாளா ஜூனியர் பிள்ளைங்க நிறைய பேர் என்கிட்ட கேக்குறது இதான், "அக்கா, வார்டை விட்டுட்டு வீட்ல இருந்தே பாக்குற நர்சிங் வேலைக்கு போயிடலாமா?" ஏன் கேக்குறாங்கன்னு எனக்கு நல்லாவே புரியுது. மாசா மாசம் நைட் டூட்டி, காலெல்லாம் நரம்பு சுருட்டிக்கிட்டு வலி, ஒரே ஆளா எத்தனை பெட் பாக்குறோம்னே தெரியாத நாளு, லீவுன்னு வாய திறந்தாலே இன்சார்ஜ் சிஸ்டர் முகம் மாறுறது, எல்லாம் நானும் வருஷக்கணக்கா பட்டது தான். இப்போ டெலி ட்ரையாஜ்ல இருக்கேன், ஹெட்செட் மாட்டிக்கிட்டு பேஷண்ட் கிட்ட பேசி இது வீட்லயே பாத்துக்கலாமா, நாளைக்கு ஓபிக்கு போனா போதுமா, இல்ல இப்பவே கேஷுவாலிட்டிக்கு ஓடணுமான்னு பிரிக்கிறது தான் வேலை. எனக்கு இது ரொம்ப பிடிச்சிருக்கு. ஆனா என்கூட சேந்தவங்கள்ல சிலர் தாங்க முடியாம திரும்ப ஐசியூவுக்கே போயிட்டாங்க, அவங்கெல்லாம் என்னை விட கெட்டிக்கார சிஸ்டர்ஸ். திறமை இருக்கா இல்லையாங்கிறத வச்சு இதை முடிவு பண்ண முடியாது.

வார்டுல ஒரு பேஷண்ட் கிட்ட போய் நிக்கும்போதே பாதி விஷயம் தெரிஞ்சுடும், கைய தொட்டா ஜில்லுனு இருக்கும், நெத்தில வேர்வை, உதடு நிறம், உக்காந்திருக்கிற விதம், மானிட்டர பாக்குறதுக்கு முன்னாடியே மனசு சொல்லிடும் இவரு சரியில்லன்னு. போன்ல கையும் இல்ல கண்ணும் இல்ல, காது மட்டும் தான். அதுலயும் பாதி நேரம் பேசுறது பேஷண்டே கிடையாது, மகளோ மருமகளோ பேசுவாங்க. நான் முடிஞ்ச வரைக்கும் "அப்பா கிட்ட போன குடும்மா"ன்னு தான் கேப்பேன், ஏன்னா அவர் ஒரு வாக்கியத்த மூச்சு வாங்காம முழுசா பேசி முடிக்கிறாரா இல்ல ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்துறாரான்னு கேட்டாலே எவ்வளவோ தெரியும். "ஒண்ணுமில்ல சிஸ்டர், கேஸ் தான், நெஞ்சு கரிக்குது"ன்னு சொல்ற ஆளுக்கு சுகர் இருக்கா, வேர்க்குதா, தாடை தோள்பட்டைல வலி இருக்கான்னு நாம தான் தோண்டி எடுக்கணும், சுகர் இருக்கிறவங்களுக்கு ஹார்ட் அட்டாக்ல பெரிய வலியே இல்லாம கூட போகும். வாய் கோணிச்சு கை தூக்க முடியலன்னு போன் வந்தா 108க்கு சொல்ல சொல்லிட்டு கையோட கேக்குற கேள்வி "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்க?", ஸ்ட்ரோக்ல ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம் தான் கணக்கு. 3 மாசத்துக்கு கீழ உள்ள குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல்னா போன்ல பேசிக்கிட்டே இருக்கக்கூடாது, டாக்டர் நேர்ல பாத்தே ஆகணும். கொஞ்சம் பெரிய பிள்ளைன்னா கடைசியா எப்போ ஒண்ணுக்கு போனான், விளையாடுறானா, தண்ணி குடிக்கிறானா, இதெல்லாம் தெர்மாமீட்டர் சொல்றத விட முக்கியம்.

டெங்கு சீசன்ல வர்ற ஒரு போன் இருக்கு, அதை வச்சே ஒருத்தருக்கு இந்த வேலை வருமான்னு சொல்லிடலாம்னு எனக்கு தோணும். ஒரு அம்மா ரொம்ப நிம்மதியா பேசுவாங்க, "காய்ச்சல் விட்டுருச்சு சிஸ்டர், நாளைக்கு ஸ்கூலுக்கு அனுப்பலாமா, கொஞ்சம் சோர்வா தான் படுத்திருக்கான்". டெங்குல ஆபத்தான கட்டமே பெரும்பாலும் காய்ச்சல் இறங்குற நேரத்துல தான் ஆரம்பிக்கும், மூணாவது நாள்ல இருந்து ஏழாவது நாளுக்குள்ள, அப்போ ஒரு நாள் ரெண்டு நாள் கண்ண எடுக்காம பாக்கணும். வயித்து வலி இருக்கா, வாந்தி நிக்காம போகுதா, ஈறுல மூக்குல ரத்தம் வருதா, எழுப்பினா சரியா பேசுறானா, நடுவுல யாராச்சும் ப்ரூஃபன் மாதிரி வலி மாத்திரை வாங்கி குடுத்தாங்களான்னு எல்லாம் கேக்கணும். அந்த அம்மா குரல்ல இருக்கிற நிம்மதி நமக்கும் ஒட்டிக்கக்கூடாது, அதே சமயம் அவங்கள அலற வைக்கவும் கூடாது. அலற வச்சா அடுத்து கேக்குற எதுக்கும் சரியான பதில் வராது.

இன்னொன்னு, போன வச்சதும் அந்த குழந்தைக்கு என்ன ஆச்சுன்னு நமக்கு தெரியவே தெரியாது. வார்டுல அட்மிஷன்ல இருந்து டிஸ்சார்ஜ் வரைக்கும் கூடவே இருப்போம், போகும்போது அந்த ஆத்தா கைய புடிச்சுக்கிட்டு அழுவாங்க, அதுல ஒரு மாச அலுப்பும் போயிடும். அது தான் உங்கள இந்த தொழில்ல இழுத்து வச்சிருக்குன்னா தயவுசெஞ்சு போன் வேலைக்கு வராதீங்க, மனசு காஞ்சு போயிடும். திரும்பி போன சிஸ்டர்ஸ் எல்லாரும் எனக்கு சொன்ன காரணம் இதே தான்.

வீட்ல இருந்து வேலைன்னா பிள்ளைய பாத்துக்கிட்டே செய்யலாம்னு நெனைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுறேன், முடியாது. ஒரு தகப்பன் தன் பொண்ணுக்கு ஃபிட்ஸ் வந்துருச்சுன்னு கத்திக்கிட்டு இருக்கும்போது பின்னாடி நம்ம குக்கர் விசில் அடிக்கக்கூடாது, பேஷண்ட் விஷயம் வீட்ல யாரு காதுலயும் விழக்கூடாது. கதவு சாத்துற ஒரு ரூம், கரண்ட் போனாலும் நிக்காத நெட், இது ரெண்டும் இல்லாம ஒத்துக்காதீங்க. மாமியார் வீட்ல இருந்தா இன்னும் கஷ்டம், வீட்ல தான இருக்கா டீ போட்டா என்னன்னு தான் பாப்பாங்க, அதை முன்னாடியே உக்காந்து பேசிடுங்க.

அப்புறம் வேலைய பத்தி. "சென்னைல உக்காந்து அமெரிக்கா பேஷண்டுக்கு டெலி நர்சிங்"னு வாட்ஸப்ல வர்றத நம்பாதீங்க. அங்க பேஷண்ட் எந்த ஸ்டேட்ல இருக்காரோ அந்த ஸ்டேட்ல செல்லுபடியாகுற லைசென்ஸ் நர்சுக்கு வேணும், நம்ம தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன் மட்டும் வச்சு அது நடக்காது. அமெரிக்கா பேர சொல்லி இங்க உண்மையிலேயே கிடைக்கிறது பெரும்பாலும் மெடிக்கல் கோடிங் (நோயையும் சிகிச்சையையும் பில்லுக்காக கோடா மாத்துறது), சார்ட் ரிவியூ (பேஷண்ட் ரெக்கார்ட படிச்சு சரிபாக்குறது), இன்ஷூரன்ஸ் அப்ரூவல் மாதிரி வேலை தான், நல்ல வேலை தான், ஆனா அதுல பேஷண்ட் குரலே இருக்காது. வேலைக்கு முன்பணம் கட்டுன்னா கட்டாதீங்க, ஏமாந்துட்டா உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் பண்ணுங்க. நம்ம நாட்டுல 2020 மார்ச்ல வந்த டெலிமெடிசின் விதிமுறைப்படி கன்சல்டேஷன் குடுக்குறதும் மருந்து எழுதுறதும் டாக்டர் தான், நர்ஸ் பக்கத்துல நின்னு உதவலாம். அதனால இன்டர்வியூல "டாக்டர் லைன்ல இருப்பாரா, ப்ரோட்டோகால், அதாவது எதுக்கு என்ன கேக்கணும் என்ன சொல்லணும்ங்கிற வழிமுறை, எழுத்துல இருக்கா"ன்னு கேளுங்க, மழுப்பினா எழுந்து வந்துடுங்க.

கையால தொடாம இருக்க முடியாது ஆனா ஓட்டமும் வேணாம்னா அரசோட டெலிமெடிசின் சேவையான இ சஞ்சீவனி மாதிரி ஏற்பாட்ட பாருங்க, சுகாதார நிலையத்துல பேஷண்ட் பக்கத்துல நீங்க, ஸ்க்ரீன்ல டாக்டர், பிபி பாத்து சொல்றது நீங்க தான்.

படிச்சு முடிச்ச கையோட மட்டும் இதுக்கு வராதீங்க. கேஷுவாலிட்டிலயோ ஐசியூலயோ சில வருஷம் நின்னா தான் போன்ல கேக்குறது மனசுக்குள்ள படமா தெரியும். கல்ஃப், யூகேன்னு ஆசை இருந்தா அதையும் இப்பவே யோசிங்க, அங்க சமீபத்திய பெட்சைடு எக்ஸ்பீரியன்ஸ் கேப்பாங்க, போன் வேலைல இருந்த வருஷத்த பல இடத்துல வேலை பாக்காத இடைவெளியா தான் எடுத்துக்குறாங்க. போற ஐடியா இருக்கிறவங்க வார்டு வேலைய ராஜினாமா பண்றதுக்கு முன்னாடி, வெளிநாட்டுக்கு ஆள் எடுக்குற ஏஜென்சி கிட்ட இதை எழுத்துல கேட்டு வாங்கிடுங்க.