ஹாமில்டனில் மானுடவியல் படிக்கிறேன்

பாளையங்கோட்டையிலிருந்து கனடாவுக்குக் குடிவந்த குடும்பம் எங்களுடையது. இளங்கலையில் மானுடவியல் எடுக்கப்போகிறேன் என்று சொன்னதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" நியாயமான கேள்விதான், பதிலைக் கடைசியில் சொல்கிறேன். இந்த ஹாமில்டன் ஊரோடு என்னை ஒட்டவைத்ததே இந்தப் படிப்புதான் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

வட அமெரிக்காவில் மானுடவியல் என்றால் வழக்கமாக நான்கு கிளைகள்: உடல்சார் மானுடவியல், தொல்லியல், மொழி, சமூகமும் பண்பாடும். நான் படிக்கும் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பழைய டி.என்.ஏ.வுக்கென்றே ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் லண்டனில் கொள்ளைநோயால் இறந்தவர்களின் எச்சங்களிலிருந்து அந்தக் கிருமியின் மரபணுத் தொகுதியை 2011இல் மீட்டெடுத்த குழுவில் இந்த மையத்தினரும் இருந்தார்கள். எலும்பு வகுப்பில் இடுப்பெலும்பைக் கையில் எடுத்து ஆணா பெண்ணா என்று பார்க்கக் கற்றுக்கொண்டபோது, உடம்பும் ஒரு வரலாற்று ஆவணம் என்பது எனக்கு முதன்முதலாக உறைத்தது.

ஆனால் என்னை மாற்றியது களக்குறிப்புப் பயிற்சி. ஒரு பொது இடத்தில் உட்கார்ந்து பார்த்ததை எழுத வேண்டும். 'பெரியவர் சோகமாக இருந்தார்' என்று எழுதினால் திரும்பி வரும். அவர் என்ன செய்தார், எங்கே பார்த்தார், யாரிடம் பேசவில்லை என்று எழுத வேண்டும். அர்த்தம் சொல்வது அப்புறம். நான் டிம் ஹார்ட்டன்ஸ் காபிக் கடைக்குப் போனேன். 1964இல் அந்த நிறுவனத்தின் முதல் கடை திறந்ததே ஹாமில்டனில், ஒட்டாவா தெருவில்தான். இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் அங்கே தினமும் அதே மேசையைச் சுற்றி உட்காருவார்கள். புதிதாக வருகிறவர் யாராக இருந்தாலும் முதல் பேச்சு பனியைப் பற்றித்தான். அதற்கு பதில் சொன்னால் நாற்காலி நகரும், இடம் கிடைக்கும். இங்கே யாரும் யாரிடமும் பேசுவதில்லை என்று அம்மா வந்த நாளிலிருந்து வருந்திக்கொண்டிருந்தார். பேச்சு இருக்கத்தான் செய்கிறது, அதன் வாசல் வேறு இடத்தில் இருக்கிறது என்று அவருக்குச் சொன்னேன். இப்போது பேருந்து நிறுத்தத்தில் அம்மாதான் முதலில் குளிரைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்.

உறவுமுறைப் பாடம் வந்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்கு இரண்டு கோடு. பலகையில் பேராசிரியர் எழுதிய தலைப்பு: திராவிட உறவுமுறை. அப்பாவோடு பிறந்த ஆண்கள் அப்பா வரிசை, அம்மாவோடு பிறந்த பெண்கள் அம்மா வரிசை, அவர்கள் பிள்ளைகள் நமக்கு அண்ணன் தங்கை. அத்தை பிள்ளைகளும் மாமா பிள்ளைகளும் வேறு அணி, கட்டிக்கொள்ளும் முறை. எங்கள் ஆச்சி கல்யாண வீட்டில் உட்கார்ந்தபடியே நூறு பேரை இப்படிப் பிரித்துவிடுவார். அந்த அறிவு ஒரு துறையின் அடிப்படைப் பாடமாக இருப்பதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது.

நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் வழக்கறிஞராக இருந்த லூயிஸ் ஹென்றி மார்கன், செனகா என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் உறவுமுறையை ஆராய்ந்தவர். செனகாவைச் சேர்ந்த ஈலி பார்க்கரின் உதவியில்லாமல் அது நடந்திருக்காது. பிறகு உலகம் முழுவதும் உறவுமுறை பற்றிய கேள்விப்பட்டியலை அனுப்பினார். தமிழ் விவரங்களை அனுப்பியவர் வேலூரில் இருந்த ஸ்கடர் குடும்பத்து மிஷனரி, சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடரின் அதே குடும்பம். செனகா முறையும் தமிழ் முறையும் அவ்வளவு பொருந்துவதைக் கண்டு மார்கன் அதிர்ந்துபோனார். அமெரிக்கப் பூர்வகுடிகள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்கு இதையே சான்றாக்கி 1871இல் நூல் வெளியிட்டார். உறவுமுறையைச் சான்றாக்கிய அந்த வாதம் பின்னால் நிற்கவில்லை. இரண்டு முறைகளும் நெருங்கிய உறவில் ஒத்துப்போய், தூரத்து உறவில் பிரிந்துவிடுகின்றன. செனகா மக்களிடம் அத்தை மகனைக் கட்டும் விதியும் இல்லை. தாய்வழிக் குலம், சொந்தக் குலத்துக்குள் திருமணம் கிடையாது. ஆகவே இதை வைத்து அவர்களும் தமிழர்களே என்று யாரும் பரப்ப வேண்டாம் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது ஏற்கெனவே போதும்.

செனகா, மோஹாக் உள்ளிட்ட ஆறு இனங்களின் கூட்டமைப்பு எங்கள் பக்கத்து ஊரில்தான் இருக்கிறது. 1784இல் கிராண்ட் நதியின் இரு கரையிலும் ஆறு மைல் அகலத்துக்கு, ஏறக்குறைய 9.5 லட்சம் ஏக்கர் அவர்களுக்கு என்று பிரிட்டிஷ் ஆளுநர் ஹால்டிமண்ட் எழுதிக்கொடுத்தார். இன்று அவர்களிடம் மிஞ்சியிருப்பது அதில் ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. பிராண்ட்ஃபோர்டில் 1970 வரை நடந்த மோஹாக் இன்ஸ்டிட்யூட் என்ற உறைவிடப் பள்ளியில், பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, சொந்த மொழி பேசினால் தண்டித்தார்கள். அந்த வளாகத்தில் இப்போது உட்லேண்ட் பண்பாட்டு மையம் இருக்கிறது. அங்கே அம்மாவையும் அப்பாவையும் கூட்டிப்போனேன். அப்போது அவர்கள் கிச்சனர், கேம்பிரிட்ஜ் பக்கம் வீடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர்களும் 1784இல் எழுதிக்கொடுத்த நிலத்துக்குள் வருவதை அப்பா வரைபடத்தில் விரலால் தொட்டுப் பார்த்தார். "நமக்கு இதை ஏன் ஒருத்தரும் சொல்லல?" என்றார். குடியேறி வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் வங்கிக் கணக்கு திறப்பதோடு இதையும் சொல்லித்தர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்தத் துறைக்கும் பழைய கறைகள் உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் நம் மக்களின் மூக்கையும் தலையையும் கருவி வைத்து அளந்தவர். 1909இல் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். இன்று ஆய்வுக்காக ஒரு மனிதரைப் பேட்டி காண்பதற்கு முன் பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழுவிடம் அனுமதி பெற வேண்டும். பேசுகிறவர் எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சக மாணவர்கள் பலருக்கு அது வெறும் படிவவேலை. அளக்கப்பட்டவர்களின் ஊரிலிருந்து வந்த எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சரி, வேலை. ஒன்டாரியோவில் பல கட்டுமானங்களுக்கு முன் உரிமம் பெற்ற தொல்லியலாளர் நிலத்தைச் சோதிக்க வேண்டும். கோடையில் உழுத வயலில் ஐந்து மீட்டர் இடைவெளியில் வரிசையாக நடந்து மண்ணைப் பார்க்க ஆள் தேவைப்படும், மாணவர்கள் போகிறார்கள். பொது சுகாதாரம், அருங்காட்சியகம், குடியேறியோர் சேவை என்று மற்ற வழிகளும் உண்டு. சம்பளம் கணினித் துறை அளவுக்கு வராது, உண்மைதான். நான்காம் ஆண்டு ஆய்வுக்கு, பிள்ளைகள் கண்டம் கண்டமாகப் பிரிந்த பின் இங்கே தனியாக வாழும் தமிழ் முதியவர்களை யார் கவனித்துக்கொள்கிறார்கள் என்ற கேள்வியை எடுத்திருக்கிறேன். அறநெறி விண்ணப்பத்தில் இன்னும் பாதி எழுத வேண்டியிருக்கிறது.