ஸ்டீயரிங் முனகியபோது

எங்கள் இன்னோவா 2009ஆம் ஆண்டு வண்டி. எஞ்சின் ஆயிலைக் கெடு தவறாமல் மாற்றிவிடுவேன். பவர் ஸ்டீயரிங்குக்கும் ஆயில் ஒன்று உண்டு என்பது, போன மாதம் அதுவாகவே முனகத் தொடங்கும்வரை என் நினைவில் இல்லை. காலையில் வண்டியைப் பின்னால் எடுத்து, கேட் தூணில் இடிக்காமல் இருக்க ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் போதும். கன்றைப் பிரித்துக் கட்டிய மாடு போல அடியிலிருந்து ஒரு சத்தம். பக்கத்து வீட்டுக்காரரே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்தேன். மூடியோடு வரும் குச்சியில் அளவு சரியாகவே இருந்தது. நிறம்தான் சரியில்லை. புது ஆயில் மாதுளைச் சாறு போலச் சிவந்திருக்கும்; இதுவோ ஆறிப்போன கருப்பட்டிக் காபி. செய்தித்தாளின் வெள்ளை ஓரத்தில் ஒரு சொட்டு விட்டேன். எண்ணெய் வட்டமாகப் பரவியது. நடுவில் மட்டும் கடுகளவு கருமை ஊறாமல் அப்படியே நின்றது. கசிவைத் தடுக்கும் ரப்பர் சீலும் ஹோஸும் தேய்ந்த தூள், ஆயிலைத் தள்ளும் பம்பின் உலோகத் தூள் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் கருமை.

எந்த ஆயில் என்பதில் மட்டும் விளையாடக் கூடாது. என் வண்டிக்குக் கையேட்டில் சொல்லியிருப்பது டெக்ஸ்ரான் 2 அல்லது 3 வகை ஏ.டி.எஃப்., அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் அதே ஆயில். ஹோண்டா போன்ற சில நிறுவனங்கள் தங்களுக்கென்று தனி ஆயில் கேட்கும். பிரேக் ஆயிலைத் தவறிப்போய் ஊற்றினால் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். மின்மோட்டாரால் இயங்கும் ஸ்டீயரிங் உள்ள இன்றைய கார்களில் பெரும்பாலும் இந்த ஆயிலே கிடையாது, அந்தக் கார்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

முதல் ஞாயிறு சோம்பேறி வழியில் போனேன். பெரிய சிரிஞ்சால் டப்பாவில் இருந்ததை உறிஞ்சி எடுத்து, புதியதை ஊற்றி, ஊரை ஒரு சுற்று சுற்றிவந்து, மறுபடியும் அதையே செய்வது. ஒரு தடவைக்கு 300 மில்லி வந்தது. இரண்டு தடவை செய்த பிறகும் காபி காபியாகவே இருந்தது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மொத்தம் ஒரு லிட்டர் என்று வைத்துக்கொண்டால், மூன்று தடவை மாற்றியும் பழையது 34 சதவீதம் உள்ளேயே இருக்கும். ஆறு தடவைக்குப் பிறகும் 12 சதவீதம். இட்லி மாவில் புளித்ததை வழித்து எடுக்காமல் மேலே புது மாவை ஊற்றிக்கொண்டே இருப்பது போன்ற வேலை.

அடுத்த ஞாயிறு முறையாக இறங்கினேன். பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, சேஸியின் கீழ் ஸ்டாண்டுகளை நிறுத்தினேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே கையை நீட்டுவதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். டப்பாவிலிருந்து இரண்டு ஹோஸ்கள் போகின்றன. தடித்தது பம்புக்குப் போவது. மெல்லியது, சுற்றி முடித்த ஆயில் திரும்பி வருவது. கழற்ற வேண்டியது மெல்லியதை. இத்தனை ஆண்டுகளில் ரப்பர் பிளாஸ்டிக்கோடு ஒட்டியே போயிருந்தது. வெடுக்கென்று இழுத்தால் டப்பாவின் மூக்கு கையோடு வந்துவிடும். கிளிப்பைத் தள்ளிவிட்டு, ஹோஸை இடமும் வலமுமாகத் திருகித் திருகித்தான் விடுவித்தேன். திறந்து நின்ற மூக்கில் ஒரு ஹோஸ் துண்டை மாட்டி, அதன் மறுமுனையைப் போல்ட் செருகி அடைத்தேன். கழற்றிய ஹோஸோடு கண்ணாடி போன்ற ட்யூப் ஒன்றை இணைத்து, காலி குளிர்பானப் பாட்டிலுக்குள் விட்டேன்.

எஞ்சினை இயக்காமல், ஸ்டீயரிங் பூட்டு விழாதபடி சாவியை மட்டும் ஒரு படி திருப்பிவைத்து, மனைவியை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தேன். அவள் இடது கடைசிவரை, பிறகு வலது கடைசிவரை மெதுவாக ஒடிக்க, ட்யூபில் கறுப்பு ஆயில் விட்டுவிட்டு வந்து விழுந்தது. டப்பா காலியாகாமல் நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

“இன்னும் எத்தனை தடவைங்க? கை வலிக்கிறது.”

அங்கேதான் தவறு செய்தேன். எஞ்சினை ஐந்தே விநாடி ஓடவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று தோன்றியது. ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். பம்பு எவ்வளவு வேகமாகத் தள்ளும் என்பதை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். நான் ஊற்றுவதற்குள் டப்பா வறண்டு, கொடகொடவென்று காற்றை இழுத்தது. பாட்டில் சாய்ந்து, காலையில் போட்ட கோலத்தின் பாதி கறுப்பானது. “நிறுத்து, நிறுத்து” என்று கத்தியது தெருமுனைவரை கேட்டிருக்கும். ஆயில் இல்லாமல் பம்பு ஓடினால் உராய்ந்து கெட்டுவிடும். இரண்டு மூன்று விநாடியில் அணைத்ததால் தப்பித்தது.

பிறகு ஆர அமர, கைத்திருப்பலிலேயே தொடர்ந்தோம். ட்யூபில் கறுப்பு பழுப்பாகி, பழுப்பு சிவப்பானபோது இரண்டேகால் லிட்டர் செலவாகியிருந்தது. ஹோஸை அதன் இடத்தில் மாட்டினேன். உள்ளே போன காற்றால் டப்பாவில் ரோஸ்மில்க் போல நுரை. எஞ்சினை இயக்காமல் இருபது தடவை ஒடித்து, அரை மணி நேரம் விட்டு, மறுபடி இருபது. அதன் பிறகுதான் ஸ்டார்ட் செய்தோம். கடைசிவரை ஒடித்தாலும் அங்கேயே பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது; அழுத்தம் உச்சத்துக்குப் போய் ஆயில் அளவுக்கு மீறிச் சூடாகிவிடும். நுரை அடங்கியதும் டப்பாவில் குறைந்திருந்ததை மட்டும் ஊற்றி நிரப்பி மூடினேன்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் விடாமல், தெரிந்த ஒர்க்‌ஷாப்பின் கழிவு ஆயில் டிரம்மில் ஊற்றிவிட்டு வந்தேன். கோலத்தின் மீது மரத்தூளைக் கொட்டிவைத்தேன், கறை போகவில்லை.

இன்றோடு பத்து நாள். மாட்டுச் சத்தம் அடியோடு நின்றுவிட்டது. ஸ்டீயரிங்கும் கைக்கு லேசாகியிருக்கிறது. ஆனால் காலையில் முதல் ஒடிப்பில் மட்டும் கீச்சென்று மெல்லிய இன்னொரு சத்தம் வருகிறது. இத்தனை நாள் அந்த முனகல் இதை மறைத்திருக்கிறது. நேற்று பம்பு பெல்ட்டின் மீது சிறிது தண்ணீர் தெளித்ததும் அது சட்டென்று அடங்கி, காய்ந்ததும் மறுபடி வந்தது. ஆக, அடுத்த ஞாயிறு பெல்ட்.