வெயிட் மட்டும் பாத்தா போதாது, குழந்தைய தொட்டுப் பாருங்க

பிரசவ வார்டுல குழந்தைய வெளிய கொண்டு வந்து காட்டுனதும் ஆணா பொண்ணா, அடுத்து எத்தன கிலோ, அவ்ளோதான் எல்லாரும் கேக்குறது. ரெண்டரைக்கு மேலன்னு சொன்னா வீட்டுக்காரங்க முகத்துல ஒரு நிம்மதி, கீழன்னா அழுகை. நர்ஸா இத தினமும் பாக்குறேன், அதான் எழுதணும்னு தோணுச்சு, ஏன்னா அந்த ரெண்டரை கிலோ கோடு வயித்துக்குள்ள குழந்தைக்கு சத்து சரியா போச்சான்னு சொல்லாது.

கணக்கு போட்டே காட்டுறேன். கிராம்ல உள்ள எடைய நூறால பெருக்கி, சென்டிமீட்டர்ல உள்ள நீளத்த நீளம் × நீளம் × நீளம்னு பெருக்கி வர்ற எண்ணால வகுக்கணும், இதுக்கு பாண்டரல் இண்டெக்ஸ்னு பேரு. 2600 கிராம், 50 செ.மீ. உள்ள குழந்தைக்கு 2.08 வரும். 2400 கிராம், 45 செ.மீ. உள்ள குழந்தைக்கு 2.63. மாசம் நிறைஞ்சு பிறந்த குழந்தைக்கு 2.2க்கு கீழ போனா மெலிவுன்னு அர்த்தம். அப்போ வெயிட் நல்லா இருக்குன்னு எல்லாரும் சந்தோஷப்பட்ட குழந்தைதான் உள்ளுக்குள்ள பட்டினி கிடந்து வந்துருக்கு, சின்னக் குழந்தைன்னு அழுதாங்களே அது அளவா வளந்த குழந்தை!

இதவிட எனக்கு ரொம்ப பிடிச்சது கேன் ஸ்கோர் (CAN score), குழந்தையோட உடம்பப் பாத்து சத்து எப்படி இருக்குன்னு மார்க் போடுற முறை. மெட்காஃப்ங்கிற டாக்டர் 1994ல கொண்டு வந்தது, மெஷினே வேணாம், கண்ணும் கையும் போதும். முடி, கன்னம், கழுத்தும் தாடையும், கை, கால், முதுகு, பின்பக்கம், நெஞ்சு, வயிறுன்னு ஒம்போது இடம், ஒவ்வொண்ணுக்கும் 1லேருந்து 4 மார்க், மொத்தம் 36, 25க்கு கீழ வந்தா கரு ஊட்டச்சத்துக் குறைபாடு. அப்படி சத்து குறைஞ்ச குழந்தைக்கு முடி பட்டு மாதிரி படியாம விறைச்சுக்கிட்டு நிக்கும், கன்னம் ஒட்டியிருக்கும், முழங்கைக்கு கீழ ஒரு கை, மணிக்கட்டுல ஒரு கை வச்சு மெதுவா நெருக்குனா தோல் மடிப்பு மடிப்பா வரும், முதுகுல ரெண்டு தோள்பட்டை எலும்புக்கு நடுவுல தோல லேசா தூக்குனா தனியா வந்துரும். ரெண்டு நாளுக்குள்ள பாத்துரணும்.

ஏன் இவ்ளோ சொல்றேன்னா, ஆபத்து முதல் மூணு நாள்லயே வந்துரும். நஞ்சுக்கொடி வழியா போறது குறைஞ்சா உடம்பு முதல்ல மூளையத்தான் காப்பாத்தும், அதனாலதான் தல பெருசா உடம்பு ஒல்லியா தெரியும், ஆனா ஈரல்ல சர்க்கரை சேமிப்பே இருக்காது. தொப்புள்கொடி கட் பண்ணதும் ரத்த சர்க்கரை கடகடன்னு இறங்கும். கை கால் நடுங்கும், பால் இழுக்காது, துவண்டு போகும், சில குழந்தைக்கு ஒரு அறிகுறியும் தெரியாது, அதான் குதிகால்ல குத்தி பாக்குறோம், குத்தாதீங்கன்னு பாட்டிங்க சண்ட போடுறப்ப மனசு கஷ்டமா இருக்கும், ஆனா பாத்தே ஆகணும்மா. கொழுப்பு இல்லாததால உடம்பும் சீக்கிரம் ஜில்லுனு ஆயிரும், 36.5 டிகிரி செல்சியஸுக்கு கீழ போனா சர்க்கரையும் சேந்து இறங்கும். உள்ள ஆக்சிஜன் பத்தாம சிவப்பணு கூடிப்போய் ரத்தம் கெட்டியாவும் இருக்கலாம், அப்புறம் மஞ்சள் காமாலை, கிருமித் தொற்று எல்லாம் இவங்களுக்கு சுலபமா வரும்.

செய்ய வேண்டியது பெருசா ஒண்ணும் இல்ல. பிறந்த உடனே அம்மா நெஞ்சுல தோலோட தோலா போடணும், ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பால் கொடுக்கணும், சும்மா தூங்குதுன்னு விடாம எழுப்பிக் கொடுக்கணும். உடனே குளிப்பாட்டவே வேணாம். சேனை தொட்டு வைக்கிறேன்னு தேனும் சர்க்கரத் தண்ணியும் நாக்குல வைக்காதீங்க, கெஞ்சிக் கேக்குறேன், சர்க்கரை குறைவுக்கு அது மருந்தே இல்ல, கிருமிதான் உள்ள போகும்.

இன்னொரு பக்கம், ஒல்லியா இருக்கேன்னு பவுடர் பால ஊத்தி ஊத்தி குண்டாக்குறதும் வேணாம். புனேல டாக்டர் யாஜ்னிக் குழு பாத்தது என்னன்னா, நம்ம நாட்டுக் குழந்தைங்க வெளிய ஒல்லியா இருந்தாலும் சதை கம்மி, கொழுப்பு அந்த அளவுக்குக் குறையல, பின்னாடி சுகர் வர்றதுக்கு வேர் அங்கயே இருக்கலாம்னு.

டிஸ்சார்ஜ் சீட்டுல எடையோட நீளமும் தலைச் சுற்றளவும் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா கேட்டு எழுதி வாங்கிக்கோங்க, அடுத்து பாக்குற டாக்டருக்கு அது ரெண்டும் வேணும்.