ஊசி உண்டு என்றே சொல்லுங்கள்

கிருஷ்ணகிரியில் குழந்தைகள் பிரிவுச் செவிலியராக இருக்கிறேன். இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளைப் பெங்களூரு கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்கோ சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ அழைத்துப் போவார்கள். குழந்தைகளுக்கு அதிகம் வரும் ஏஎல்எல் என்ற, வேகமாக வளரும் இரத்தப் புற்றுநோய் வகைக்குச் சிகிச்சை இரண்டு ஆண்டுகளைத் தாண்டும். இடையில் இரத்தப் பரிசோதனைக்கும், காய்ச்சல் கண்டாலும் எங்களிடம் வருவார்கள்.

"ஊசி எல்லாம் கிடையாது கண்ணு, சும்மா பார்ப்பார்கள்" என்று சொல்லித்தான் பெரியவர்கள் கூட்டி வருகிறார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அடுத்த நிமிடம் ஊசி ஏறிவிடும். பிறகு அந்தப் பிள்ளை மாத்திரையை நம்பாது, தாயையும் நம்பாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. "ஊசி உண்டு, வலிக்கும். அழுதுகொள், கையை மட்டும் ஆட்டாதே. எந்தக் கையில் போடட்டும்?" என்று கேட்பேன். தன் உடம்பில் நடக்கும் எதற்கும் சம்மதம் கேட்கப்படாத பிள்ளை, அந்தக் கேள்விக்கு வெகுநேரம் யோசிக்கும்.

ஒரு சிறுவன், தாய் கஞ்சி வாங்கப் போன நேரம் பார்த்து, "அக்கா, தோப்பில் மாங்காய் திருடித் தின்றேன். அதனால்தான் வந்ததா?" என்றான். எத்தனை நாளாக அதைச் சுமந்தானோ! "இல்லை சாமி, நீ செய்த எதனாலும் வரவில்லை. உன்னிடமிருந்து யாருக்கும் தொற்றவும் செய்யாது" என்றேன். அதைத் தன் தங்கையிடமும் சொல்லச் சொன்னான்.

சிகிச்சையின் பகுதியாக ஸ்டீராய்டு மருந்து கொடுக்கும் வாரங்களில் அவன் முகம் ஊதும். நடுராத்திரியில் களி கேட்பான், கொடுத்தால் தட்டைத் தள்ளிவிட்டு அம்மாவை அடிப்பான். பிள்ளை கெட்டுப்போய்விட்டான் என்று அவர் அழுதார். கோபத்தைக் கிளப்புவது மருந்து என்று இருவரையும் உட்காரவைத்துச் சொன்னோம். அதன்பின், "இன்றைக்கு மருந்துக் கோபம் வருகிறது" என்று அவனே முன்கூட்டிச் சொல்லிவிடுவான்.

ஊசிக்குப் பயந்து காய்ச்சலை மறைக்கும் பிள்ளைகளும் உண்டு. எனக்குப் பெரிய பயம் அதுதான். புற்றுநோய்க்கான கீமோ மருந்தால், கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது 100.4 டிகிரி பாரன்ஹீட் காய்ச்சலே அவசரநிலை. சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகலாம். தாமதமின்றி நரம்பில் ஆன்டிபயாடிக் ஏற்றியாக வேண்டும். அந்தச் சிறுவன் ஒரு ராத்திரி தானாகவே தாயை எழுப்பி, "உடம்பு சுடுகிறது, ஊசி போடுவார்கள், போகலாம்" என்றிருக்கிறான். 108 ஆம்புலன்ஸில் வந்தார்கள். வந்த சிறிது நேரத்திலேயே மருந்து ஏறத் தொடங்கிவிட்டது.