ரிங் சைஸ் புராணம்: குன்னூர், நவம்பர்

நவம்பர் 8, சனி

காலைல இருந்து மழை, நமக்கு இந்த வடகிழக்கு பருவமழைதான் பெரிய மழை, ஊட்டிக்காரங்க ஜூன் ஜூலைல அனுபவிச்சத நாம இப்ப அனுபவிக்கிறோம். வெலிங்டன் பக்கம் ஏர் ரைஃபிள் சுடற ஹாலுக்கு தம்பி பொண்ண கூட்டிட்டு போனேன். அவ கைல புதுசா ஒரு டப்பா, ஃப்ரண்ட் சைட்டுக்கு (கன்னு முனைல குறி பாக்கற பாகம்) போடற ரிங் செட்டு, ஓட்டை 3.2 மில்லில இருந்து 4.4 வரைக்கும். வந்ததும் 3.4 எடுத்து மாட்டிட்டா. ஏன் கண்ணு 3.4னு கேட்டா, "கோயம்புத்தூர்ல நல்லா சுடற அக்கா அதத்தான் போடறாங்க அத்தை"ங்கறா.

அந்த அக்கா சைஸு அந்த அக்காவுக்கு. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் டார்கெட்ல கருப்பு வட்டம் 30.5 மில்லி. அது ரிங்குக்குள்ள எவ்ளோ பெருசா தெரியும்ங்கறது, நம்ம கண்ணுக்கும் ரிங்குக்கும் நடுவுல எவ்ளோ தூரம்ங்கறத பொறுத்தது. தூரத்த மீட்டர்ல எடுத்து 3ஆல பெருக்கினா போதும், மில்லில கிட்டத்தட்ட வந்துரும். இவள பொசிஷன்ல நிக்க வெச்சு டேப்ல அளந்தேன், 90 சென்டிமீட்டர். அப்ப கருப்பு 2.7 மில்லியா தெரியும், 3.4 ரிங் போட்டா சுத்தி 0.35 மில்லி வெள்ளைதான் மிச்சம். அந்த அக்கா கன்னுல பேரல் முன்னாடி ட்யூப் இருந்து சைட்டு இன்னும் தள்ளி உக்காந்திருந்தா கணக்கே வேற, இல்லாம சின்ன பேரலா இருந்தா அதுவும் வேற. நம்பர மட்டும் கடன் வாங்கி என்ன பண்றது?

நவம்பர் 9, ஞாயிறு

நேத்து விட்ட கணக்க முடிக்கறேன். டார்கெட்ல 9 மார்க் வட்டம் 5.5 மில்லி, 8 மார்க் வட்டம் 10.5 மில்லி. நின்னுட்டு சுடும்போது இவ கைல கன்னு ஆடற ஆட்டம் நல்ல நாள்ல 8க்குள்ள இருக்கும். அதாவது நடுவுல இருந்து எந்த பக்கமும் 5 மில்லி போகும், அத ஃப்ரண்ட் சைட் தூரத்துக்கு சுருக்கினா 0.45 கிட்ட வருது. இருக்கற வெள்ளையே 0.35. அப்ப ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கருப்பு ரிங்க போய் இடிக்குது, பாக்கற புள்ளைக்கு என்னமோ தலையே போற மாதிரி பயம், டிரிக்கர அமுக்காம இழுத்து இழுத்து நிக்கறா, மூச்சு தீந்து போய் எறக்கி வெக்கறா. 4.0 போட்டா வெள்ளை 0.65, அதே ஆட்டம்தான் ஆனா கருப்பு உள்ளயே நிக்குது, மனசு அடங்குது. சுபேதார் ஐயா (ரிட்டயர்ட், எங்களுக்கு சொல்லித்தர்றவர்) சொல்றது ஒரே வரி: "வட்டத்துக்குள்ள வட்டத்த நடுவுல வெக்கறது கண்ணுக்கு தானா வரும்மா, நீ புத்திய போட்டு கெடுக்காத."

அதுக்காக 5க்கு போயிரக்கூடாது. ரொம்ப பெருசானா கருப்பு கொஞ்சம் ஒதுங்கினாலும் கண்ணுக்கு தெரியாது, குரூப்பு (குண்டு ஓட்டைங்க விழற கூட்டம்) அகலமாயிரும்.

நவம்பர் 12, புதன்

ரேஞ்ச் இல்ல. பஸ் ரோட்டுல காட்டுமாடு கூட்டமா நின்னுருச்சு, ஆபீஸ்ல இருந்து வீட்டுக்கு வரவே ஏழரை. அவ வீட்டுல டிரை ஃபயர் (குண்டு போடாம குறி பாத்து டிரிக்கர் அமுக்கறது) பண்ணிட்டு இருந்தா. 5 மீட்டர்தான் இடம், அதனால கருப்ப பாதியாக்கி 15 மில்லிக்கு பிரிண்ட் போட்டு சுவத்துல ஒட்டிருக்கு. கண்ணுல இருந்துதான் 5 மீட்டர் அளக்கணும், கால்ல இருந்து இல்ல. பக்கத்து வீட்டு அண்ணன் ஜன்னல் வழியா பாத்துட்டு லைசென்ஸ் இருக்காம்மான்னு கேட்டார். 2016 ஆயுத விதிப்படி .177 அங்குல குண்டு வரைக்கும், 20 ஜூல் தாண்டாத ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம்ணே, இது 7.5 ஜூல் பக்கம்தான்னு சொன்னேன். பாதி நம்பினார்.

நவம்பர் 15, சனி

இன்னைக்கு என் கண்ணு கதை. நாப்பத்தெட்டு தாண்டியாச்சு, ஃப்ரண்ட் ரிங் ஓரம் பஞ்சு பஞ்சா தெரியுது. படிக்கற கண்ணாடி போட்டா ரிங் வருது, டார்கெட் போயிருது. இதுக்கு மருந்து பின்னாடி ஐரிஸ்லதான் (கண்ணுகிட்ட இருக்கற பின் சைட்டுல சுருக்கி விரிக்கற ஓட்டை) இருக்கு. ஓட்டை சின்னதாக ஆக கிட்ட இருக்கறதும் தூரத்துல இருக்கறதும் ஒண்ணா தெளிவாகும், விரல மடக்கி ஊசி ஓட்டை மாதிரி பண்ணி காலண்டர பாருங்க, புரியும். 1.3 மில்லில இருந்து 1.0க்கு சுருக்கினதும் ரிங்கு கத்தி மாதிரி வந்துச்சு. ஆனா ஆசைப்பட்டு 0.8க்கு கீழ போனா வெளிச்சம் செத்துரும், அது போக ஓட்டை ஓரத்துல ஒளி வளைஞ்சு பரவறதால மறுபடி மங்கல். அந்த பக்கம் லாபம் கிடையாது.

நான் வெக்கற முறை இதுதான்: நல்லா தொறந்து வெச்சு டார்கெட்ட பாத்துட்டே மெல்ல சுருக்கறது, கருப்பு சாம்பலாக ஆரம்பிக்கற இடத்துல ஒரு சின்ன திருப்பு திரும்ப தொறக்கறது. மூணு மணிக்கு மேல மிஸ்ட்டு ஜன்னல் வழியா உள்ளயே வந்துருச்சு, கருப்பே பழுப்பா தெரிஞ்சுது, 1.2க்கு தொறந்தேன். ஐஎஸ்எஸ்எஃப் (உலக துப்பாக்கி சுடுதல் சங்கம்) ரூல்ல டார்கெட் மேல 1500 லக்ஸ் கேக்கறாங்க, எங்க ஹால் ட்யூப்லைட்ட பத்தி நான் எதுவும் சொல்லல.

எஸ்எல்ஆர்ல (பழைய பட்டாளத்து ரைஃபிள்) பின்னாடி ஓட்டை இத விட பெருசா இருந்துச்சேன்னு ஐயாகிட்ட கேட்டேன். "அங்க மசங்கல்லயும் சுடணும், சட்டுனு கண்ணு புடிக்கணும், பத்துக்கு பத்து எவன் கேட்டான்?"னார்.

நவம்பர் 16, ஞாயிறு

தம்பி பொண்ணு இடது கண்ண இறுக்கி மூடறதால வலது கண்ணும் சீக்கிரம் சோந்து போகுது. மூடாம அந்த இடது கண்ணு முன்னாடி வெள்ளை பிளாஸ்டிக் பட்டை ஒண்ணு தொங்க விட சொன்னேன், 30 மில்லி அகலத்துக்குள்ள இருக்கணும். கருப்பு பட்டை வேண்டாம், வெள்ளைன்னா ரெண்டு கண்ணுக்கும் வெளிச்சம் சமமா இருக்கும்.

நவம்பர் 22, சனி

3.4, 3.8, 4.0, 4.2 எல்லாம் மாத்தி மாத்தி சுட்டாச்சு, எது எந்த ரிங்னு பேப்பர் பின்னாடி பென்சில்ல எழுதி வெச்சேன், அவளுக்கு காட்டல. பேப்பர தரைல பரப்பினதும் அவளே எடுத்தது 4.0 பேப்பர், ஓட்டை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கிழிஞ்சு உருண்டையா கெடக்கு. 3.4ல வலது பக்கமா ஒழுகி போயிருக்கு, ரொம்ப நேரம் பிடிச்சு நின்னதோட அடையாளம். "அப்ப 50 மீட்டர்ல படுத்துட்டு சுடறவங்க சின்னது போடறாங்களே"ன்னு அடுத்த கேள்வி. படுத்தா ஆட்டம் கம்மி, தாங்கும். அது போக அங்க கருப்பு 112.4 மில்லி, ஆனா தூரம் அஞ்சு மடங்கு, இதே கன்னுல 2 மில்லியாத்தான் தெரியும். அந்த நம்பர இங்க கொண்டு வரவே முடியாது.

எனக்கு 4.2. வயசுக்கு மரியாதை.

நவம்பர் 23, ஞாயிறு

அடுத்த வாரம் கீழ கோயம்புத்தூர்ல மேட்ச், 60 ஷாட்டு. அங்க லைட்டு பளிச்சுனு இருக்கும், ஐரிஸ மட்டும் கொஞ்சம் சுருக்கிக்க, ரிங்க தொடாதன்னு சொல்லிருக்கேன். சரிங்க அத்தைன்னா. டப்பாவ பைக்குள்ள வெச்சுட்டுதான் சொன்னா.