பாப்பாவுக்கு ஒரு ஊசி பாக்கி

பிப்ரவரி 17, செவ்வாய்

பாப்பாவுக்கு ஒரு வயது மூன்று மாதம். இன்றைக்கு எம்எம்ஆர், அதாவது தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லாவுக்கான இரண்டாவது ஊசி. குத்துகிற வரைக்கும் டாக்டரின் பேனாவைப் பிடுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தவள், அப்புறம் தில்லைநகர் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு அலறல். குத்துவதற்கு முன்னாலேயே டாக்டர் கேட்டார், "சின்னம்மை ஊசியும் இன்னைக்கே போட்டுடலாமாம்மா? ரெண்டும் ஒரே நாள்ல போடலாம், இல்லேன்னா நாலு வாரம் இடைவெளி விடணும்." நான் வழக்கம்போல "அடுத்த தடவை பாக்கலாம் டாக்டர்" என்று சொல்லி, நாலு வாரம் என்பதைக் காதிலேயே வாங்காமல் வந்துவிட்டேன்.

ஏன் என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஒரு ஊசிக்கு 2,000 ரூபாய்க்கு மேல், அதுவும் இரண்டு தடவை. ஒரே நாளில் இரண்டு தொடையிலும் குத்துவதைப் பார்க்க மனசு வரவில்லை. இதெல்லாம் உண்மைதான், ஆனால் பெரிய உண்மை அத்தை, என் மாமியார். "அம்மா ஒரு தடவ வந்துட்டுப் போனா உடம்புக்கு நல்லதும்மா, அதப் போயி ஊசி போட்டுத் தடுப்பாங்களா?" என்று லால்குடியிலிருந்து போனில் சொல்லியிருந்தார். அவரிடம் எதிர்த்துப் பேச எனக்குத் தெம்பில்லை.

பிப்ரவரி 18, புதன்

தெருமுனை சுகாதார நிலையத்தில் புதன்கிழமை ஊசி போடுவார்கள். நர்சம்மாவிடம் கேட்டேன். "தட்டம்மை ரூபெல்லா நம்ம கிட்ட உண்டு, சின்னம்மை கெடையாது, வெளியதான் போடணும்" என்றார். அரசாங்கப் பட்டியலிலேயே இல்லை, அப்படியானால் அவ்வளவு அவசரமில்லை என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். நன்றாக இருந்தது.

பிப்ரவரி 22, ஞாயிறு

சமாதானம் நான்கு நாள்தான் தாங்கியது. இரவு பாப்பா தூங்கியதும் போனை எடுத்துப் படிக்க உட்கார்ந்தால் மணி ஒன்றரை.

இந்த ஊசியைக் கண்டுபிடித்தவர் ஜப்பான்காரர், மிச்சியாக்கி தக்காஹாஷி. 1964இல் அவர் அமெரிக்காவில் ஹூஸ்டனில் ஆராய்ச்சிக்குப் போயிருந்தபோது அவருடைய சின்னப் பையனுக்கு அம்மை போட்டு, மூச்சுவிடவே சிரமப்பட்டிருக்கிறான். பிழைத்துவிட்டான். ஊருக்குத் திரும்பிய அப்பா பத்து வருஷத்தில், 1974இல், ஊசியைத் தயார் செய்துவிட்டார். அதற்கான கிருமியை எடுத்தது ஓக்கா என்கிற வீட்டுப் பையனின் உடம்பிலிருந்து, அதனால் அந்தக் கிருமி வகைக்கு இன்றைக்கும் ஓக்கா என்றே பெயர். அமெரிக்காவில் 1995 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுகிறார்கள். ஆனால் இங்கிலாந்து முப்பது வருஷம் போல யோசித்துவிட்டு இந்த 2026 ஜனவரியில்தான் தொடங்கியிருக்கிறது. குழந்தைகளுக்கு அம்மை வராமல் போனால், அவர்கள் மூலம் பெரியவர்களுக்கு அவ்வப்போது கிடைக்கிற எதிர்ப்புச் சக்தி குறைந்து, அக்கி அதிகமாகிவிடுமோ என்ற பயம்.

அக்கி என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். போன ஐப்பசியில் மாமாவுக்கு இடுப்பிலிருந்து முதுகு வரை அக்கி. குயவர் வீட்டுக்குப் போய் செங்காவியில் சிங்கம் எழுதிக்கொண்டு வந்தார், மாத்திரையும் சாப்பிட்டார், இருந்தும் ஒரு மாதம் சட்டை உரசினால் துடித்துப்போவார். சின்ன வயசில் வந்த அதே அம்மைக் கிருமிதான் நரம்புக்குள் அறுபது வருஷம் படுத்திருந்து எழுந்து வருமாம். அத்தை சொல்கிற மாதிரி அம்மா வந்துவிட்டுப் போவதில்லை, வந்து தங்கிவிடுகிறாள். இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

பிப்ரவரி 28, சனி

காலையில் கோலம் போடப் போனால் பக்கத்து வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து.

இரண்டாம் வகுப்புப் படிக்கிற பையன். நேற்று சாயங்காலம் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கார் படம் காட்டிக்கொண்டிருந்தான். அவன் நெற்றியில் வெந்த சவ்வரிசி மாதிரி ஒன்று பளபளவென்று இருந்தது. கொசு கடித்திருக்கும் என்று நினைத்தேன்! முத்து வெளியே தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலேயே தொற்றுமாம்.

மார்ச் 2, திங்கள்

முதல் வேலையாக டாக்டரிடம் ஓடினேன். அம்மை போட்டவரோடு பழகினால் 3 நாளுக்குள், தவறினால் 5 நாளுக்குள், ஊசி போட்டால் வராமலோ லேசாக வந்தோ போகும் என்று படித்து வைத்திருந்தேனே. டாக்டர் தடுப்பூசி அட்டையைப் பார்த்துவிட்டு, "எம்எம்ஆர் போட்டு 13 நாள்தான் ஆச்சு. ரெண்டுமே உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திப் போடுற ஊசி. சேர்த்துப் போட்டிருக்கலாம், இப்ப 28 நாள் ஆகணும்" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் எதிர்பாராதது. "உங்க ரெண்டு பேருக்கும் சின்ன வயசுல வந்திருக்கா?" எனக்கு ஆறாம் வகுப்பில், முழுப் பரீட்சை சமயத்தில் வந்தது, இடது புருவத்துக்கு மேல் தழும்பு இருக்கிறது. இவருக்குத் தெரியவில்லை. அத்தைக்குப் போன் போட்டோம். "இல்லப்பா, ஒன் தங்கச்சிக்கு போட்டப்போ ஒன்ன தாத்தா வீட்டுக்கு அனுப்பிட்டேன்ல." இவரும்தான் வெள்ளிக்கிழமை அந்தப் பையனை வண்டியில் முன்னால் உட்கார வைத்து டியூஷனில் விட்டவர். பெரியவர்களுக்கு வந்தால் நுரையீரல் வரைக்கும் போகலாம், நம் மாதிரி வெயில் ஊரில் சின்ன வயதில் தப்பித்துவிட்டுப் பெரிய வயதில் மாட்டுகிறவர்கள் அதிகம் என்றார் டாக்டர்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்: "அவனுக்குப் போட்டுரு. வேலைக்குப் போற புள்ள."

ஆக, பாப்பாவுக்குப் போடப் போன இடத்தில் அவள் அப்பா முழுக்கைச் சட்டையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்து போட்டுக்கொண்டு வந்தார். பாப்பா கை தட்டினாள். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும்.

மார்ச் 8, ஞாயிறு

மாசிக் கடைசி ஞாயிறு, சமயபுரத்தில் பூச்சொரிதல். இன்றிலிருந்து 28 நாள் அம்மனுக்குப் பச்சைப் பட்டினி. இளநீர், பானகம், நீர்மோர், துள்ளுமாவு, அவ்வளவுதான். அவளுக்கும் 28 நாள், பாப்பாவுக்கும் 28 நாள். கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. கூட்டத்துக்குள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போகவில்லை, வீட்டிலிருந்தே கும்பிட்டேன். ஊசிக்கும் சாமிக்கும் நடுவில் எனக்கு எப்போதும் சண்டை இருந்ததில்லை, அத்தைக்கும் எனக்கும் நடுவில்தான்.

பக்கத்து வீட்டில் இன்றைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அண்டாவில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். அதுவரை அந்த வீட்டில் தாளிக்கவில்லை, ஆள் அண்டவில்லை. எல்லா முத்தும் பொருக்குத் தட்டும் வரை வெளியே விடாதீர்கள் என்று டாக்டர் சொன்னதும், தண்ணீர் ஊற்றும் வரை வாசல் தாண்டக்கூடாது என்று அத்தை சொல்வதும் ஏறக்குறைய ஒரே நாளில்தான் வந்து முடிகிறது.

மார்ச் 12, வியாழன்

பாப்பா முதுகில் ஒரு சிவப்பு. டார்ச் அடித்து, கண்ணாடி போட்டு, இவரை எழுப்பிக் காட்டி... கொசு. இந்தத் தடவை நிஜமாகவே கொசு.

மார்ச் 14, சனி

பையனுக்கு இறங்கியதும் அவன் அக்காவுக்கு ஏறிவிட்டது. ஒன்பதாம் வகுப்பு. அவனுக்கு எண்ணிவிடலாம் போல இருந்தது, இவளுக்குத் தலைமுடிக்குள், வாய்க்குள், இமையில் எல்லாம். ஒரே வீட்டில் இருந்தால், முன்னே வராத, ஊசியும் போடாத பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு வந்துவிடுமாம். சாவிக் கொத்தை வாங்க அந்தப் பிள்ளைகளின் அம்மா சன்னலுக்கு வந்தபோது, "அந்த ஊசி எவ்வளவு ஆச்சு?" என்று மெதுவாகக் கேட்டார்.

மார்ச் 17, செவ்வாய்

28ஆம் நாள். பாப்பாவுக்குப் போட்டாயிற்று. ஒருவேளை கிருமி ஏற்கெனவே உள்ளே போயிருந்தாலும் இந்த ஊசி அதைக் கெடுக்காது, லேசாகக் காய்ச்சல் வரலாம், இரண்டு மூன்று முத்து கூடத் தெரியலாம், பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். அடுத்தது மூன்று மாதம் கழித்து. ஜூன் என்று அட்டையில் எழுதிக்கொடுத்தார். நான் அங்கேயே போனில் அலாரம் வைத்தேன்.

சாயங்காலம் அத்தையின் போன். பாப்பாவுக்குப் போட்டதைச் சொன்னேன், "ம்" என்றார். காய்ச்சல் அடிக்கிறதா, பால் குடித்தாளா என்று கேட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அவனுக்கு ரெண்டாவது ஊசி எப்பம்மா? நீ மறந்துறாத."