சாவி கொடுத்தால் ஓடும் ஜனதா: பெங்களூரில் ஒரு கைக்கடிகார வேட்டை

ஜாலஹள்ளி மெட்ரோ நிலைய வாசலில் நின்ற ஆட்டோக்காரர் கேட்டது 300 ரூபாய். போகவேண்டிய தூரம் மூன்று கிலோமீட்டர் சொச்சம். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் நியாயம் கேட்டேன். அவர் காதில் வாங்கவே இல்லை. "பட்டப்பகல் கொள்ளை" என்று தமிழில் முணுமுணுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கியதும் பின்னாலிருந்து அட்சரசுத்தமான தமிழில் பதில் வந்தது: "கொள்ளை என்று சொல்லாதீர்கள் சார், அங்கிருந்து திரும்பச் சவாரி கிடைக்காது." திருவண்ணாமலைக்காரராம். ஊர்ப்பாசத்தில் 300 என்பது 200 ஆனது. அதற்குக் கீழே பாசம் இறங்கவில்லை. வெயில் மண்டையைப் பிளந்ததால் ஏறி உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வந்த பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் சென்னை வரைக்குமான இரண்டாம் வகுப்பு டிக்கெட்டே இதைவிடக் குறைவு என்பதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

அப்படி எரிந்துகொண்டு போய்ச் சேர்ந்த இடம், ஒரு காலத்தில் நாட்டுக்கே கைக்கடிகாரம் செய்துகொடுத்த அரசு நிறுவனமான எச்.எம்.டி.யின் அருங்காட்சியகம். போனது ஒரு கைக்கடிகாரத்துக்காக.

மல்லேஸ்வரத்தில் சித்தி மகனின் கல்யாணம். என் கையில் இருந்ததோ கறுப்பு ரப்பர் வாரோடு கூடிய ஸ்மார்ட் வாட்ச். பட்டு வேட்டிக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம். ஊர் சுற்றுகிறவனுக்கு அதைவிடப் பெரிய தொல்லை சார்ஜர். லாட்ஜ் அறையில் வேலை செய்கிற பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதற்குப் போனும் பவர் பேங்கும் ஏற்கெனவே சண்டை போட்டுக்கொண்டிருக்கும். சரி, விலை உயர்ந்த கடிகாரம் ஒன்று வாங்கலாம் என்றால், பஸ் ஜன்னலில் கையை வைக்கும்போதெல்லாம் நெஞ்சு அடித்துக்கொள்ளும். எனக்கு வேண்டியது கல்யாண மண்டபத்தில் மரியாதையாகத் தெரிகிற, தொலைந்தால் இரண்டு நாள் வருத்தத்தோடு போகிற, பழைய காலத்து அழகுள்ள ஒரு கடிகாரம். பட்ஜெட் நாலாயிரம். இந்த ரகத்தில் எல்லோரும் கைகாட்டுவது ஜப்பானின் ஓரியன்ட் பாம்பினோவை. நல்ல கடிகாரம்தான், குவிந்த கண்ணாடியும் மெலிந்த முட்களுமாகக் கண்ணைப் பறிக்கும். ஆனால் என் பட்ஜெட்டைப் போலப் பல மடங்கு விலை. என் ஒல்லிக் கைக்கு அந்த 40 மில்லிமீட்டர் அகலம் சாப்பாட்டுத் தட்டைக் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. அதுவும் இதுவும் யோசித்துக் கடைசியில் வந்து நின்ற பெயர் எச்.எம்.டி. ஜனதா. பழைய பாணியைப் பார்த்துச் செய்த நகல் எதற்கு, அந்தக் காலத்திலேயே பிறந்தது கைக்கெட்டும் விலையில் கிடைக்கும்போது?

கோயம்பேட்டில் இருந்து பிடித்த தனியார் இரவு பஸ்ஸைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மனசு ஆறாது. பெயர் வேண்டாம். படுக்கைக்கு நேர் மேலே ஏ.சி. குழாயில் இருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். நடத்துநரிடம் சொன்னால் ஒரு செய்தித்தாளைக் கொடுத்து "செருகிக்கொள்ளுங்கள்" என்றார். செருகினேன், தாள் நனைந்து, மை கரைந்து, வேலூர் தாண்டுவதற்குள் சட்டைத் தோள்பட்டையில் தலைப்புச் செய்தி ஏறிவிட்டது. வழியில் நிறுத்திய மோட்டலில் ஆறிப்போன இரண்டு இட்லிக்குக் கேட்ட விலையில் ஊரில் முழுச் சாப்பாடு சாப்பிடலாம். இதற்கு ஆயிரத்துச் சொச்சம் டிக்கெட். அரசு பஸ்ஸில் உட்கார்ந்தே போயிருக்கலாம்.

விடியற்காலையில் விழித்தபோது ஓசூர். பெங்களூரின் எச்.எம்.டி.யைத் தேடிப் போகிறவனை வரவேற்பது டைட்டனின் ஊர்! டாடா நிறுவனமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் கைகோத்து 1984இல் தொடங்கியது டைட்டன். பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரத்தை அது நகைக்கடை மினுக்கோடு விற்றது. எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் செய்யாமல் இல்லை; ஆனால் மனம் முழுக்கச் சாவி கொடுக்கும் கடிகாரத்திலேயே இருந்துவிட்டது. அதற்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்கு எச்.எம்.டி. வாங்கச் சிபாரிசுக் கடிதத்தோடு அலைந்த தலைமுறை உண்டு. எச்.எம்.டி.யின் சதுர முகப்பு மாடலான காஞ்சனுக்காக மாப்பிள்ளை வீட்டார் முறுக்கிக்கொண்ட கதையை எங்கள் வீட்டிலேயே கேட்டிருக்கிறேன். மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட ஒப்புதல் கொடுத்தது. பெயரும் குறைந்த அளவு விற்பனையும் மட்டும் தாய் நிறுவனத்தின் கீழ் இன்னும் தொடர்கின்றன.

அருங்காட்சியகம் ஜாலஹள்ளி எச்.எம்.டி. வளாகத்தில், மரங்கள் சூழ்ந்த ஒரு பழைய பங்களாவில் இருக்கிறது. இந்த ஆட்டோக் கட்டணத்துக்குத் தகுமா என்று கேட்டால், தகும். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியோடு 1961இல் தொடங்கிய தொழிற்சாலை, 1963இல் நேரு வெளியிட்ட முதல் தொகுதிக் கடிகாரங்கள், பிறகு தும்கூர், ஸ்ரீநகர், ராணிபாக் என்று பரவிய கிளைகள் என்று கதை நீள்கிறது. எனக்கு அதிகம் பிடித்தது பார்வையற்றவர்களுக்காக எச்.எம்.டி. செய்த பிரெயில் கடிகாரம். கண்ணாடி மூடி கதவு போலத் திறக்கும். புள்ளிகளையும் முட்களையும் விரலால் தடவி மணி தெரிந்துகொள்ளலாம். விற்பனைப் பகுதியில் புதிய கடிகாரங்கள் இருந்தன. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்த பழைய ஜனதாவின் வெள்ளை டயல் மனதில் உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது. புதியது எதையும் கையில் எடுத்துப் பார்க்கக்கூட மனம் வரவில்லை.

திரும்பும்போது அந்தத் திருவண்ணாமலைக்காரர் சொன்னது பொய் என்பது உறுதியானது. வாசலிலேயே இரண்டு ஆட்டோக்கள் நின்றன. ஒருவர் மீட்டரே போட்டார்.

பெங்களூரில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது மெட்ரோவின் பச்சைப் பாதை. ஜாலஹள்ளி, கல்யாண வீடு இருந்த மல்லேஸ்வரத்துக்கான சம்பிகே சாலை, மெஜஸ்டிக், சிக்பேட்டை, லால்பாக் எல்லாமே ஒரே கோட்டில் வருகின்றன. நடுவில் 'சேண்டல் சோப் ஃபேக்டரி' என்றே ஒரு நிலையம். சோப்புத் தொழிற்சாலையின் பெயரில் ரயில் நிலையம் வைக்கிற ஊர், கடிகாரத் தொழிற்சாலைக்கு ஒன்று வைத்திருக்கலாம். 2025 பிப்ரவரியில் கட்டணம் ஏறியது உண்மைதான்; ஆட்டோவோடு ஒப்பிட்டால் அப்போதும் சில்லறைக் காசு.

சிக்பேட்டையில் இறங்கி அவென்யூ சாலைப் பக்கம் நடந்தால், ஜவுளிக்கடைகளுக்கு நடுவில் கடிகாரம் பழுதுபார்க்கும் பொடிக் கடைகள் தட்டுப்படும். நான் போன கடையின் அகலம் ஒரு ஆள் கையை விரித்தால் முடிந்துபோகும். உள்ளே எழுபதைத் தாண்டிய பெரியவர்; ஒரு கண்ணில் உருப்பெருக்கி, மறு கண்ணால் சாலையில் போகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஜனதா வேண்டும் ஐயா என்றதும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, இணையத்தில் வாங்கி ஏமாந்து வந்திருக்கிறாயா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். அப்படியானால் உட்கார் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். வாங்க நினைக்கிறவர்களுக்கு உதவும். இணையத்தில் கிளிப்பச்சை, ஆரஞ்சு, ரோஸ் என்று பளபளக்கிற பழைய எச்.எம்.டி.களில் பெரும்பாலானவை, தேய்ந்த எந்திரத்தின் மேல் புதிதாக அச்சடித்த டயலைப் பொருத்தியவை. எழுத்தை உற்றுப் பார்த்தால் விளிம்பு பிசிறடிக்கும். பின்மூடி ஒரு கடிகாரத்தில் இருந்து, முள் வேறொன்றில் இருந்து வந்திருக்கும். பழுப்பேறிய டயலைப் பார்த்து முகம் சுளிக்காதே, புள்ளி விழுந்த டயல் பொய் சொல்லாது என்றார்.

பிறகு இழுப்பறையில் இருந்து ஒன்றை எடுத்தார். ஒரு சிறு கத்தியை விளிம்பில் கொடுத்து நெம்பியதும் பின்மூடி 'டக்' என்று கழன்றது. உள்ளே எச்.எம்.டி. என்றும் 0231 என்றும் பொறித்த எந்திரம். சிட்டிசனின் வடிவமைப்பில் இருந்து வந்த, சக்கர அச்சுகள் தேயாமல் சுழல 17 சிறு கல் வைத்த எந்திரம் இது. ஜனதாவில் மட்டுமல்ல, கோஹினூர், பைலட் மாடல்களிலும் இதே எந்திரத்தைப் பார்க்கலாம். ஓடாமல் நின்றிருந்தது. பெரியவர் பக்கவாட்டில் இருந்த சாவித் திருகை இரண்டு சுற்றுச் சுற்றினார். சிறிய சக்கரம் ஒன்று சட்டென்று உயிர் பெற்று இடமும் வலமுமாக ஊசலாடத் தொடங்கியது. நொடிக்கு ஐந்து துடிப்பு. அதன் அடியில் தலைமயிரைவிட மெலிந்த சுருள்வில் விரிந்து விரிந்து சுருங்கியது. ஊசி முனையில் எண்ணெய் தொட்டு ஒவ்வொரு சிவப்புக் கல்லின் குழிக்கும் ஒற்றினார். பக்கத்துக் கடைப் பையன் வந்து ஏதோ கேட்டபோது ஒரு விரலைத் தூக்கி அவனை நிற்கவைத்தார். கண்ணாடியில் கீறல் இருந்தது. பற்பசையைத் துணியில் தொட்டு ஐந்து நிமிடம் தேய்த்தார். பாதிக் கீறல் போய்விட்டது. அக்ரிலிக் கண்ணாடி என்பதால் சாத்தியம், விலை உயர்ந்த கடிகாரத்தில் இந்த வித்தை பலிக்காது என்றார்.

விலை 3,200 என்றார். 2,500 என்றேன். பேசாமல் உருப்பெருக்கியை மறுபடி கண்ணில் மாட்டிக்கொண்டார். அந்த மௌனத்துக்கு முன்னால் என் பேரம் எடுபடவில்லை. கடைசியில் 2,900; தோல் வார் இலவசம். அந்த வார் ஒரு மழைக்குத் தாங்காது என்பது பார்த்தாலே தெரிகிறது. 18 மில்லிமீட்டரில் நல்ல வார் ஒன்று தனியாக வாங்கவேண்டும். அது 600 ரூபாய் இழுத்துவிடும் என்ற கவலை இப்போதே தொடங்கிவிட்டது.

கல்யாணத்தில் யார் யார் வந்தார்கள் என்பதெல்லாம் உங்களுக்கு எதற்கு? பெரியப்பாக்கள் வட்டாரத்தில் என் கை பிரபலமானது என்பதை மட்டும் சொல்கிறேன். முகூர்த்தம் முடிந்த கையோடு மண்டபத்துச் சாப்பாட்டைத் துறந்துவிட்டு மல்லேஸ்வரம் சி.டி.ஆர். ஹோட்டலுக்கு நழுவினேன். சித்திக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவார். வெளியே கூட்டம், உள்ளே முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசை. வெண்ணெய் மசால் தோசை வந்தது. மேல்பக்கம் கருஞ்சிவப்பு, விண்டால் கறுக்கென்று உடைகிறது, உட்பக்கம் பஞ்சு. வெண்ணெய் விரலிடுக்கில் வழிந்து மணிக்கட்டுக்கு வருவதைக் கண்டு பதறிப்போய்க் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டேன். சென்னையின் பெரிய ஹோட்டல்கள் தோசைக்கு வாங்குகிற காசை நினைத்தால் இங்கே இரண்டாவது தோசை சொல்வது குற்றமே இல்லை. சொன்னேன்.

பயணத்துக்கு இது எப்படி உழைக்கும் என்று கேட்பவர்களுக்கு: காலையில் பல் தேய்க்கும்போது ஒரு முறை சாவி கொடுத்தால் மறுநாள் வரை கவலையில்லை. 35 மில்லிமீட்டர் அளவு என்பதால் சட்டைக் கைக்குள் மறைந்துகொள்கிறது. நெரிசலில் யார் கண்ணையும் உறுத்தாது. தேதி காட்டாதது குறை என்பார்கள், எனக்கு அதுதான் வசதி. சிங்கப்பூரில் இறங்கினால் முள்ளை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளினால் வேலை முடிந்தது. தண்ணீர் மட்டும் ஆகவே ஆகாது. குற்றாலத்துக்குப் போனால் அறையில் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். இரவில் போன் மீதோ ஸ்பீக்கர் பக்கத்திலோ வைக்காதீர்கள்; காந்தம் ஏறினால் சுருள்வில்லின் சுற்றுகள் ஒட்டிக்கொண்டு கடிகாரம் தறிகெட்டு முந்தி ஓடும். துல்லியமா? முதல் நாள் அரை நிமிடம் முந்தியது. ரயிலைப் பிடிக்க அது நல்லதுதான். விநாடி பிசகக் கூடாது என்கிறவர்கள் ஓசூர் சரக்கையே வாங்கிக்கொள்ளட்டும்.

லால்பாக்கில் எச்.எம்.டி. அமைத்த பூக்கடிகாரத்தையும் எட்டிப் பார்த்தேன். செடிகளுக்கு நடுவில் பெரிய முட்கள். நுழைவுக் கட்டணத்தை அதற்காக மட்டும் கொடுக்கவேண்டாம். பாறைமேட்டுக்காகவும் மரங்களுக்காகவும் போங்கள்.

பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் எதிர் இருக்கையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். பங்காருபேட்டை வரை என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு வந்தவர், ஜனதாதானே தம்பி என்று தொடங்கினார். எவ்வளவு கொடுத்தாய் என்றார். சொன்னேன். "நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள்" என்று நாக்கைச் சப்புக்கொட்டினார். அவர் 1970களில் இதை வாங்கிய விலையைச் சொன்னார். அதைக் கேட்டு நான் என்ன செய்ய? வீட்டு பீரோவில் ஒரு காஞ்சன் சும்மா கிடக்கிறது, கட்டிக்கொள்ள ஆளில்லை, உன்னைப் போல ஆசைப்படுகிறவனிடம் போனால் சந்தோஷம்தான் என்றார். எனக்கு வாயெல்லாம் பல். காட்பாடி நெருங்கும்போது தயங்கித் தயங்கி விலை கேட்டேன். உனக்கு என்பதால் பன்னிரண்டாயிரம் என்றார், பையைத் தோளில் மாட்டியபடியே.